அறுபதைத் தாண்டியவருக்கு முதல் ஃப்ளூ ஊசி: ராமநாதபுரம் கடற்கரை ஊர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஊசி போட்ட மறுநாள் எது நடந்தாலும் பழி ஊசிக்குத்தான். முழங்கால் வலித்தால் ஊசி, தூக்கம் பிடிக்காவிட்டால் ஊசி, பேரன் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த சளி ஒட்டிக்கொண்டால் அதற்கும் ஊசி. பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தேவிபட்டினம் என்று எந்த ஊர்த் திண்ணையில் உட்கார்ந்தாலும், "அந்த ஊசியப் போட்டதுல இருந்துதான் எனக்கு மேலுக்கு முடியல" என்று சொல்ல ஒருவர் இருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. மேலுக்கு முடியாமல் போனது உண்மை. அது ஊசியால்தானா என்பதுதான் கேள்வி.

இதை எழுதுவது, முதல்முறையாக ஃப்ளூ ஊசி போடப்போகிற, 60 வயதைத் தாண்டி நல்ல நடமாட்டத்தோடு இருக்கிற பெரியவர்களுக்காக. அவர்களைக் கூட்டிப்போகிற மகன், மகள், மருமகளுக்கும் சேர்த்துத்தான். ஆரோக்கியமானவர் என்றால் மாத்திரையே தொடாதவர் என்று பொருள் கொள்ள வேண்டாம். நம் பக்கத்தில் அந்த வயதில் ஆரோக்கியமாக இருக்கிறவர் பெரும்பாலும் மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர் மாத்திரையோ சுகர் மாத்திரையோ வாங்கிப் போட்டுக்கொண்டு, காலையில் கடற்கரைக்குப் போய் வலை பார்க்கிறவராகத்தான் இருப்பார்.

முதலில் ஒரு கணக்கு. 1993-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில் 60 வயதும் அதற்கு மேலும் ஆன 1,806 பேரை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு நிஜமான ஃப்ளூ ஊசி, இன்னொரு கூட்டத்துக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. நிஜ ஊசி போட்டவர்களில் 100-க்கு 23 பேர் ஏதோ ஒரு தொந்தரவைச் சொன்னார்கள். உப்புநீர் போட்டவர்களிலும் 100-க்கு 14 பேர் சொன்னார்கள்! பிரித்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். குத்திய இடத்தில் வலி, சிவப்பு, வீக்கம் என்று சொன்னவர்கள் நிஜ ஊசியில் 17.5 சதவீதம், உப்புநீரில் 7.3. காய்ச்சல், தலைவலி, அசதி மாதிரி உடம்பு முழுக்க வரும் தொந்தரவு நிஜ ஊசியில் 11 சதவீதம், உப்புநீரில் 9.4. அதாவது கைவலி ஊசியின் வேலை. உடம்பு அசதியில் பெரும்பகுதி, ஊசி போடாமல் இருந்தாலும் அந்த வாரம் அந்த வயதில் வந்திருக்கக்கூடியது. அமெரிக்காவில் 1990-ல் முதியவர்களை வைத்து இதே முறையில் செய்த ஆய்விலும் கைவலி மட்டும்தான் கூடுதலாகத் தெரிந்தது.

வயதானவருக்கு ஊசி தாங்காது என்ற பயம் நம் ஊரில் பலமாக இருக்கிறது. நடப்பது நேர்மாறு. இளவட்டங்களுக்குத்தான் இந்த ஊசியால் கைவலியும் காய்ச்சலும் அதிகம் வரும். வயது ஏற ஏற உடம்பின் எதிர்ப்பு வேகம் குறைகிறது, அதோடு பக்கவிளைவும் குறைகிறது. ஊசியின் பலனும் கொஞ்சம் குறைகிறது என்பதையும் மறைக்கக் கூடாது. ஊசிக்கும் அந்த ஆண்டு பரவும் வைரஸுக்கும் நன்றாகப் பொருந்தும் ஆண்டுகளில், ஃப்ளூ வந்து டாக்டரிடம் போக நேரும் வாய்ப்பைப் பொதுவாக 40 முதல் 60 சதவீதம் குறைக்கும். முதியவர்களில் அதைவிடக் கீழே இறங்கலாம். போட்டுக்கொண்டும் ஃப்ளூ வரலாம். வந்தாலும் அது கடுமையாகும் வாய்ப்பைக் குறைக்கும்.

எப்போது போடுவது

வாடைக்காற்று திரும்புவதற்கு முன். டெல்லிப் பக்கம் ஃப்ளூ தென்மேற்குப் பருவமழையோடு ஏறும், காஷ்மீரில் குளிர்காலத்தில் ஏறும். சென்னை, வேலூர் பதிவுகளைப் பார்த்தால் அது வடகிழக்கு மழையோடு, அக்டோபர் நவம்பரில் ஏறுகிறது. நமக்கும் மழை என்றால் அந்த மழைதான். ஊசி போட்டு உடம்பில் எதிர்ப்பு உருவாக இரண்டு வாரம் பிடிக்கும். அதனால் செப்டம்பரிலோ, தப்பினால் அக்டோபர் முதல் வாரத்திலோ போட்டுவிடுவது நல்லது. ஐப்பசி அடைமழையில் ஊரே இருமிக்கொண்டிருக்கும்போது ஓடுவதில் பாதிப் பலன் போய்விடும். போகவே கூடாது என்று சொல்லவில்லை. பிந்திப் போடுவது போடாமல் இருப்பதை விட மேல்.

கிழமையையும் பாருங்கள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் கைக்குக் கடினமான வேலை இல்லாத நாளாக இருக்கட்டும். கரைவலை இழுக்கிறவர், நாட்டுப்படகில் போகிறவர், பாசி எடுக்கக் கடலில் இறங்குகிற பெண்கள், பனை ஏறுகிறவர், மிளகாய் மூட்டை தூக்குகிறவர் எல்லோருக்கும் இது பொருந்தும். ஊசி எந்த வேலையையும் தடுக்காது. கடுக்கிற கையோடு பனையில் நிற்பதுதான் ஆபத்து.

எங்கே, எதைக் கேட்பது

இது குழந்தைகளுக்கு அரசு இலவசமாகப் போடும் தடுப்பூசிப் பட்டியலில் இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் எப்போதாவது குறிப்பிட்ட சிலருக்கு என்று வரும். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் கேட்டுவிடுங்கள், கேட்பதில் நஷ்டமில்லை. இல்லையென்றால் தனியார் மருத்துவமனைதான், செலவு பெரும்பாலும் ஆயிரம் ரூபாய்க்கு மேல். ஹஜ்ஜுக்குப் போகிற மூத்தவர்களுக்கு முகாமில் மற்ற ஊசிகளோடு இதையும் போடுவது வழக்கம் என்பதால், கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் உள்ள பல வீடுகளில் இது புதிதல்ல. அங்கே ஏற்கெனவே போட்ட வாப்பா ஒருவரிடம் கேட்டால் ஊரில் உலவும் பாதிப் புரளி அடங்கிவிடும்.

மருந்துக் கடையில் "ஃப்ளூ தடுப்பூசி" என்று கேளுங்கள். "பன்றிக்காய்ச்சல் ஊசி" என்றாலும் இதைத்தான் எடுப்பார்கள், அந்த எச்1என்1 வகையும் இதற்குள் இருக்கிறது. ஆனால் தயவுசெய்து ராமநாதபுரத்தில் வாங்கிப் பையில் போட்டு, பஸ்ஸில் மண்டபம் வரை கொண்டுவந்து, ஊரில் யாரையாவது குத்தச் சொல்லாதீர்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து அது. வெயிலிலும் கெடும், உறைந்தாலும் கெடும். மீன் பெட்டி ஐஸ் மேல் நேராக வைத்துக் கொண்டுவந்தால் பத்திரம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. உறைந்த ஊசி பயன்படாது. எங்கே அது குளிர்பெட்டியில் இருக்கிறதோ அங்கேயே போய்ப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் நாளே போன் செய்து இருப்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டால் தீவிலிருந்து வருகிறவருக்கு அலைச்சல் மிச்சம்.

பெட்டியில் இரண்டு விஷயம் பார்க்கவும். ஒன்று காலாவதித் தேதி. இன்னொன்று எந்தப் பருவத்துக்கான சரக்கு என்பது. ஃப்ளூ வைரஸ் ஆண்டுதோறும் உருமாறுவதால் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், எந்த வகைகளைச் சேர்க்க வேண்டும் என்று சொல்கிறது. சென்ற ஆண்டு மிச்சம் வேண்டாம். "நாலு வகை ஊசி இல்ல, மூணு வகைதான் இருக்கு" என்றால் பழசு என்று திரும்பி வந்துவிடாதீர்கள். நான்காவதாக இருந்த பி யமகட்டா என்ற வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகத் தென்படவில்லை. அதனால்தான் மூன்று வகைக்குத் திரும்புகிறார்கள்.

வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்

சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ரத்தப் பரிசோதனை மாதிரி நினைத்துக்கொண்டு வெறும் வயிற்றோடு வந்து, வரிசையில் நின்று, கிறுகிறுத்து விழுந்து, அந்தப் பழியையும் ஊசி மேல் போடுகிறவர்கள் அதிகம். வழக்கமான மாத்திரைகளை வழக்கமான நேரத்தில் போட்டுக்கொள்ளவும். எதையும் நிறுத்தத் தேவையில்லை. முன்கூட்டியே பாரசிட்டமால் போட்டுக்கொண்டு போவதும் வேண்டாம். வலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

தோள்பட்டை வரை எளிதாக ஏறும் சட்டை அல்லது ரவிக்கை போடுங்கள். இதைச் சின்ன விஷயம் என்று தள்ள வேண்டாம். இறுக்கமான கையை முழுக்க ஏற்ற முடியாமல் பாதியில் பிடித்துக்கொண்டு குத்தும்போதுதான் ஊசி இடம் தவறுகிறது. எந்தக் கையில் வேலை அதிகமோ அந்தக் கையை விட்டு மற்றக் கையைக் கொடுங்கள்.

இருமல் தும்மல் லேசாக இருந்தால் போடலாம். நல்ல காய்ச்சல் அடிக்கும்போது போடக் கூடாது. காய்ச்சலோடு போட்டால் பிறகு அது நோயா ஊசியா என்று டாக்டராலும் பிரிக்க முடியாது. முன்பு இந்த ஊசி போட்டு மூச்சுத்திணறல் அளவுக்கு ஒவ்வாமை வந்தவர் மறுபடி போடக் கூடாது. முன்பு எப்போதாவது கைகால் விழுந்து, கில்லன் பாரே என்று டாக்டர் பெயர் சொல்லியிருந்தால், அதைச் சொல்லிவிட்டு அவர் முடிவுக்கு விடுங்கள். முட்டை ஒத்துக்கொள்ளாதவர்? இந்த ஊசியில் பெரும்பாலானவை கோழிமுட்டையில் வளர்த்துத் தயாரிப்பவை. முன்பு அவர்களுக்குத் தடை இருந்தது, இப்போது தளர்த்திவிட்டார்கள். ஆனாலும் போடுகிறவரிடம் சொல்லிவிடுங்கள்.

இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்து ரத்தம் உறையாத மாத்திரை எடுக்கிறவர் அதை நர்ஸிடம் சொல்ல வேண்டும். மெல்லிய ஊசியால் குத்தி, பஞ்சை வைத்து இரண்டு நிமிடமாவது அழுத்திப் பிடிப்பார்கள். தேய்க்கக் கூடாது. பிறகு கை கன்றிப்போய் நீலமாக இருந்தால் பயப்படத் தேவையில்லை.

நாற்காலியில்

அரை மில்லி மருந்து, ஒரே குத்து, மேற்கைச் சதையில். போட்டவர் கையை எடுப்பதற்குள் முடிந்துவிடும். உட்கார்ந்தே போட்டுக்கொள்ளுங்கள், நின்றபடி வேண்டாம். குத்தும் இடம் தோள் எலும்பின் முனையிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே இருக்க வேண்டும். அதற்கு மேலே குத்தினால் மருந்து மூட்டுப் பக்கம் போய், வாரக்கணக்கில் கையைத் தூக்க முடியாமல் ஆக்கிவிடலாம். அது மருந்தின் குற்றமல்ல, இடம் தவறிய குற்றம். "கொஞ்சம் கீழ போடுங்கம்மா" என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது, கூச்சம் வேண்டாம்.

ஊசிக்குள் இருப்பது செயலிழந்த வைரஸின் துண்டுகள். அது உடம்பில் பெருகாது, அதனால் இந்த ஊசியால் ஃப்ளூ வரவே முடியாது. மூக்கில் அடிக்கும் வகையில் வலுவிழந்த உயிருள்ள வைரஸ் இருக்கிறது. அது நம் வயதுக்காரர்களுக்கானது அல்ல, யாராவது நீட்டினால் மறுத்துவிடுங்கள்.

முதல் அரை மணி நேரம்

போட்டதும் ஓடிவிடாமல் அங்கேயே 30 நிமிடம் உட்கார வேண்டும். பஸ் போய்விடும் என்ற அவசரம் புரிகிறது. ஆனால் இந்த ஊசியால் உண்மையிலேயே உயிருக்கு ஆபத்து என்று சொல்லக்கூடியது பெரும்பாலும் இந்த அரை மணி நேரத்துக்குள்தான் தலைகாட்டும். உடம்பெல்லாம் அரிப்பு, தடிப்பு, உதடோ கண்ணிமையோ வீங்குவது, குரல் மாறுவது, நெஞ்சு இறுகி மூச்சு வாங்குவது, கண் இருட்டி விழுவது. பத்து லட்சம் ஊசிக்கு ஒன்று அல்லது இரண்டு பேருக்கு வரக்கூடியது. அட்ரினலின் என்ற மருந்தை உடனே தொடையில் போட்டால் தீர்ந்துவிடும். அதனால் போடும் முன்பே "அட்ரினலின் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிடலாம். அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கும் இடத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து.

பயத்தில் மயங்குவது வேறு. முகம் வெளுத்து, வேர்த்து, சாய்வார்கள், அரிப்போ வீக்கமோ இருக்காது. படுக்கவைத்துக் காலைத் தூக்கி வைத்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் எழுந்துவிடுவார்கள். கடலில் புயலைப் பார்த்த ஆள் ஊசியைப் பார்த்து மயங்குவது உண்டு, கேலி செய்யாதீர்கள்.

அன்று ராத்திரியும் மறுநாளும்

வீட்டுக்கு வந்த ஆறேழு மணி நேரத்தில் ஆரம்பிக்கும்.

"ஏத்தா, கை எப்படி இருக்கு?"

"குத்துன எடம் கடுகடுன்னு இருக்குய்யா. கையத் தூக்கிக் கொண்டை போட முடியல."

இதுதான் நடக்கக்கூடிய சாதாரண விஷயம். குத்திய இடம் கொஞ்சம் சிவந்து, புளியங்கொட்டை அளவு கெட்டியாகி, தொட்டால் வலிக்கும். சிலருக்கு அதோடு லேசான காய்ச்சல், மேல்வலி, தலைபாரம், அசதி. இவை எல்லாம் ஒன்று அல்லது இரண்டு நாளில் தாமாகவே போய்விடும். இரண்டாம் நாள் முதல் நாளைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஊசியால் வந்தது இறங்குமுகமாகத்தான் இருக்கும்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஈரத்துணியை மடித்துக் குத்திய இடத்தில் வையுங்கள். கையைக் கட்டிப்போட்டது மாதிரி வைத்திருக்காமல் மெதுவாக ஆட்டிக்கொண்டிருங்கள், அசைத்தால் சீக்கிரம் விடும். மற்றப் பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். தண்ணீர், நீராகாரம், மோர் நன்றாகக் குடியுங்கள். வலி தாங்கவில்லை என்றால் பாரசிட்டமால் 500 அல்லது 650 ஒன்று. தேவைப்பட்டால் ஆறு மணி நேரம் கழித்து இன்னொன்று. கல்லீரல் கோளாறு உள்ளவரும் தினமும் குடிக்கிறவரும் அதையும் டாக்டரைக் கேட்டுத்தான் போட வேண்டும்.

செய்யக் கூடாதவை அதிகம். தைலம் போட்டு உருவி விடுவது, சூடு ஒத்தடம், சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பத்துப் போடுவது எதுவும் வேண்டாம். சுண்ணாம்பு பட்டுத் தோல் வெந்து சிவந்த பிறகு எது ஊசியின் சிவப்பு, எது சுண்ணாம்பின் சிவப்பு என்று யாராலும் சொல்ல முடியாது. இன்னும் முக்கியம், மெடிக்கலில் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் செட் மாத்திரை. அதற்குள் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. பலமான வலி மாத்திரை இருக்கலாம், ஸ்டீராய்டு இருக்கலாம். பிரஷர் மாத்திரை எடுக்கிற 70 வயதுக்காரரின் சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் அந்தப் பொட்டலம் செய்யும் கெடுதல், இந்த ஊசியால் ஆயுள் முழுக்க வரக்கூடிய கெடுதலைவிடப் பெரியது. வேடிக்கை என்னவென்றால், சாதாரணச் சளிக்கு "ஊசி போட்டாத்தான் கேக்கும்" என்று டாக்டரைக் கட்டாயப்படுத்துகிறவர்கள்தான் தடுப்பூசி என்றதும் பின்வாங்குகிறார்கள்.

பத்தியம் கிடையாது. கவிச்சி ஆகாது என்று மூன்று நாள் ரசஞ்சோறு மட்டும் போடும் வீடுகள் உண்டு. மீன் தாராளமாகச் சாப்பிடலாம், கருவாடும் சாப்பிடலாம், பிரஷர் உள்ளவருக்குக் கருவாட்டு உப்பு என்றைக்கும் ஆகாது என்பது வேறு கதை. குளிக்கலாம், தலைக்கும் ஊற்றலாம்.

இங்கே ஒன்றைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். சுகர் மாத்திரை அல்லது இன்சுலின் எடுக்கிற அப்பத்தா, ஊசி போட்ட அசதியில் "எனக்கு ஒண்ணும் வேணாம்" என்று ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிவிட்டு மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு படுத்துவிடுகிறார் என்று வையுங்கள். நடுராத்திரியில் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறுகிறது. வீடே "ஊசி ஒத்துக்கல" என்று அலறும். சர்க்கரை இறங்கிவிட்டது, அவ்வளவுதான். உடனே சர்க்கரைத் தண்ணீரோ கருப்பட்டித் தண்ணீரோ கொடுக்க வேண்டும். விழுங்கும் நினைவு இல்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் 108-க்கு அழைக்க வேண்டும். ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து விடியட்டும் என்று காத்திருந்தால் ஆள் போய்விடலாம். அதனால் அன்று ராத்திரி பிடிக்கிறதோ இல்லையோ இரண்டு இட்லியாவது, ஒரு டம்ளர் கஞ்சியாவது உள்ளே போக வேண்டும். அதேபோல் காய்ச்சலில் தண்ணீர் குடிக்காமல் பிரஷர் மாத்திரை மட்டும் போட்டவர் காலையில் எழுந்ததும் தள்ளாடி விழலாம். கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பிறகு எழச் சொல்லுங்கள்.

மூன்றாம் நாள் காய்ச்சல் இருந்தால்

அது ஊசியின் காய்ச்சல் அல்ல என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஊசிக்கு நாம் கொடுக்கும் கெடு இரண்டு நாள், அதைத் தாண்டினால் வேறு காரணம் தேட வேண்டும். நாம் ஊசி போடும் பருவமும் கொசு பெருகும் பருவமும் ஒட்டியே வருகின்றன. டெங்கு இருக்கிறது. ராமேஸ்வரம், மண்டபம், பாம்பன் பகுதி மலேரியாவுக்குப் பழைய பகுதி. குளிரில் உதறி, காய்ச்சல் ஏறி, வேர்த்து இறங்கி, மறுபடி வந்தால் ரத்தத்தைச் சோதிக்காமல் விடக் கூடாது. மழைத் தண்ணீரில் காலை வைத்து நடந்தவருக்கு எலிக்காய்ச்சல் வரலாம். முள்ளுக்காட்டில் விறகு எடுக்கப் போனவருக்கு உண்ணிக்காய்ச்சல் வரலாம், அக்குளிலோ இடுப்பிலோ சிகரெட் சுட்டது மாதிரி ஒரு கருத்த புண் இருக்கிறதா என்று பாருங்கள். கொரோனாவும் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

என் பயமெல்லாம் இங்கேதான். கைவலி யாரையும் கொன்றதில்லை. "ஊசி போட்டதால வந்த காச்சல், தானா போயிரும்" என்று ஐந்து நாள் வீட்டில் வைத்திருந்து, ஆறாம் நாள் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் ஆபத்து. மூன்றாம் நாள் காலையில் காய்ச்சல் இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், எந்தத் தேதியில் ஊசி போட்டது, எப்போது காய்ச்சல் ஆரம்பித்தது என்று இரண்டையும் சொல்லுங்கள். மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

மூக்கொழுகல், தொண்டைவலி, இருமல் இருந்தால் அது ஊசியின் வேலையே அல்ல. இந்த ஊசி மூக்கிலும் தொண்டையிலும் எதுவும் செய்வதில்லை. ஊசி போடும் முன்பே எங்கிருந்தோ தொற்றிய வேறொரு சளி, அல்லது எதிர்ப்பு உருவாகும் அந்த இரண்டு வாரத்துக்குள் பிடித்த ஃப்ளூ.

பெரியவர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. பெரிய தொற்று வந்தாலும் காய்ச்சல் ஏறாமலே இருக்கும். திடீரென்று ஆள் மந்தமாகி, நேரம் இடம் தெரியாமல் பிதற்றி, சாப்பாட்டைத் தொடாமல் சுருண்டு படுத்தால், அது ஊசியின் அசதி என்று விட்டுவிடாதீர்கள். நிமோனியாவாகவோ சிறுநீர்த் தொற்றாகவோ இருக்கலாம். நெஞ்சுவலி, ஒரு பக்கம் கைகால் இழுப்பது, வாய் கோணுவது இவற்றுக்கு நாள் கணக்கே கிடையாது, எந்த நாளில் வந்தாலும் 108.

அபூர்வமாக வரக்கூடியவை

குத்திய இடத்துச் சிவப்பு மூன்றாம் நாளுக்குப் பிறகு குறையாமல் பரவினால், சூடாக இருந்தால், சீழ் வைத்தால் டாக்டரிடம் காட்டுங்கள். ஒரு வாரம் கழித்தும் தோளை உயர்த்தவே முடியவில்லை என்றாலும் காட்டுங்கள். முன்பு சொன்ன இடம் தவறிய ஊசியாக இருக்கலாம், பிசியோதெரபியில் சரிசெய்யலாம்.

கில்லன் பாரே என்பது நரம்பை உடம்பே தாக்கிக்கொள்ளும் நோய். பாதத்தில் எறும்பு ஊர்வது மாதிரி ஆரம்பித்து, இரண்டு காலும் ஒரே மாதிரி வலுவிழந்து, அது மேலே ஏறும். அமெரிக்காவில் 1976-ல் பன்றிக்காய்ச்சலுக்காக அவசரமாகப் போட்ட ஊசியில் லட்சத்துக்கு ஒருவர் என்ற அளவில் கூடுதலாக வந்தது, அந்தத் திட்டத்தையே நிறுத்தினார்கள். இன்றைய ஊசிகளில் அப்படி இருந்தால் பத்து லட்சத்துக்கு ஒன்றோ இரண்டோதான். ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள் இப்படி ஒன்று தோன்றினால் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஃப்ளூ காய்ச்சலே இந்த நோயை ஊசியைவிட அதிகமாக வரவழைக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். மாரடைப்பும் அப்படித்தான். கனடாவின் ஒண்டாரியோவில் செய்து 2018-ல் வெளியான ஆய்வு, ஃப்ளூ உறுதியான அந்த ஒரு வாரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நாட்களைவிட ஆறு மடங்கு என்று கண்டது.

வெளிநாட்டிலிருந்து பார்த்துக்கொள்கிற பிள்ளைகளுக்கு

துபாயிலோ மலேசியாவிலோ இருந்துகொண்டு உம்மாவுக்கு ஊசி ஏற்பாடு செய்கிறவர்கள், போட்ட அன்று ஒரு தடவை பேசினால் போதும் என்று நினைக்கிறார்கள். போன் செய்ய வேண்டியது மூன்று முறை: அன்று ராத்திரி சாப்பிட்டாரா என்று கேட்க, மறுநாள் சாயங்காலம் வலி குறைகிறதா என்று கேட்க, மூன்றாம் நாள் காலையில் காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்க. "நல்லாத்தான் இருக்கேன்" என்பார்கள். பக்கத்து வீட்டாரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போயிருக்கும்போது போட்டுக்கொள்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குப் பெரும்பாலும் நான்கு மடங்கு வீரியமுள்ள ஊசியைப் போடுவார்கள். அதில் கைவலியும் வீக்கமும் சாதாரண ஊசியைவிடக் கொஞ்சம் அதிகம். இங்கே போட்டபோது ஒன்றும் செய்யவில்லையே, அங்கே மட்டும் ஏன் இப்படி என்று குழம்ப வேண்டாம். நிமோனியாவுக்கான நியூமோகாக்கல் ஊசியையும் அதே நாளில் மற்றக் கையில் போடலாம். இரண்டு கையும் வலித்தால் சமையலுக்கு ஆள் வேண்டும், அதை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊசிப் பெட்டியைக் குப்பையில் போடும் முன் அதன் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி தெரிகிற மாதிரி போனில் படம் எடுத்துவையுங்கள். எந்தக் கையில், எத்தனை மணிக்குப் போட்டது என்பதையும் அந்தப் படத்துக்குக் கீழே எழுதி வீட்டு வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். சந்தேகம் கேட்க 104. ஊசிக்குப் பிறகு ஏதாவது பெரிதாக நடந்துவிட்டால் போட்ட இடத்திலும் உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடமும் சொல்லுங்கள், மருந்துப் பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் 1800-180-3024 என்ற இலவச எண்ணிலும் சொல்லலாம். அங்கே முதலில் கேட்பது அந்தத் தொகுதி எண்ணைத்தான்.